இறைக்கிற கிணறுதான் ஊறும்

98 நாள் மகப்பேறு விடுப்பு முடிந்து பாசிர் கூடாங்கில் வேலைக்குத் திரும்பினேன். 2023க்கு முன்பு 60 நாள்தான். அந்த வகையில் நான் கொடுத்து வைத்தவள். ஆனால் இரண்டாவது வாரமே பால் குறைந்துவிட்டது. கூட்டம், வேலை என்று தள்ளிப்போட்டு மதியம் ஒரே தடவை பம்ப் செய்வேன். மார்பு கல்லாய்க் கனக்கும். புட்டியில் கால்வாசிகூட நிறையாது. மாவுப் பாலுக்கு மாறிவிடலாமா என்று அழுதேன்.

தோட்டத்தில் மாடு வளர்த்த அம்மா, "நேரம் தப்பிக் கறந்தா மாடு வத்திப் போயிடும்மா" என்றார். கிளினிக் தாதியும் அதையேதான் விளக்கினார். பால் தேங்கினால் உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும்; காலியானால் கூட்டும். பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம். அதனால் இரவுப் பாலை விட்டுவிடக் கூடாது.

விடியற்காலை கிளம்பும் முன் ஒரு தடவை, பிறகு 10 மணி, 1 மணி, 4 மணி. இரவில் பிள்ளைக்கு நேரடியாக. மேலாளரிடம் நேரம் கேட்கத்தான் கூச்சம். கேட்டேன், கொடுத்தார்.

பத்தே நாளில் பால் பழையபடி ஊறியது. இப்போது கூட்டத்தின் நடுவே 10 மணி அலாரம் அடித்தால், மன்னிப்புக் கேட்காமல் எழுந்து போகிறேன்.