மூன்று தம்ளர் தண்ணீர்

குண்டாறு பெரும்பாலும் மணலாகவே கிடக்கும் திருச்சுழிப் பக்கம் எங்கள் வீடு. விருந்தினருக்குக் கட்டுப்படியான இனிப்பு ரவா கேசரி ஒன்றுதான். அருப்புக்கோட்டையில் வாங்கிய ரவை ஒரு தம்ளர், சீனி இரண்டு, தண்ணீர் மூன்று, நெய் இரண்டு கரண்டி. வறுத்த ரவை கொதிநீரில் வெந்த பிறகே சீனி. முந்திப் போட்டால் ரவை விறைத்துவிடும் என்பாள் அம்மா.

அக்காவைப் பெண் பார்க்க ஏழு முறை வந்தார்கள். ஏழு முறையும் தட்டுகள் காலியாயின, பதில்தான் வரவில்லை. சட்டியில் ஒட்டியதைச் சுரண்டித் தின்ற எங்களுக்கு அக்காவின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கக் கூச்சமாயிருந்தது.

எட்டாம் முறை அம்மா ரவையை எடுக்கவில்லை. வெறும் காப்பியோடு எழுந்து போனவர்களிடமிருந்தே சம்மதம் வந்தது. அன்றிரவு அம்மா கேசரி கிளறினாள். முதல் தட்டு அக்காவுக்கு.