இருக்கையும் முழந்தாளும்

மேலிருந்து பார்ப்பவர்க்கு நகரத்தின் நெரிசலும் ஒரு காட்சியாகத்தான் தோன்றும். மணிலா மாநகரில் தங்கியிருந்த நாட்களில் இவ்வுண்மையை நாம் உணர்ந்தோம். தென்கிழக்கு ஆசியாவின் முதல் நகர விரைவு இரயில் 1984-இல் அங்குதான் ஓடத் தொடங்கியது. டாஃப்ட் சாலையின் நடுவே தூண்களை நிறுத்தி, அவற்றின் மேல் தண்டவாளம் அமைத்துள்ளனர். கீழே ஜீப்னி வண்டிகள் ஊர்ந்து செல்ல, மேலே இரயில் மாடிச் சாளரங்களையும் மின்கம்பிகளையும் ஒட்டியபடி விரைகிறது.

ஒரு புதன்கிழமை மாலை. கியாப்போ ஆலயத்தில் சிலுவை சுமக்கும் கருநிற இயேசுவின் சுரூபத்தை வணங்கிவிட்டு, பக்லாரனில் உள்ள இடைவிடா சகாய அன்னையின் திருத்தலத்திற்குச் செல்ல, கார்ரியெடோ நிலையத்தின் படிகளில் ஏறினோம். 2000 டிசம்பர் 30-ஆம் நாள் இத்தடத்தில் இரயில் ஒன்றில் குண்டு வெடித்துப் பலர் மாண்டனர். எனவே பைகளைச் சோதித்தே உள்ளே விட்டனர். வந்த இரண்டு இரயில்களில் கால் வைக்கவும் இடமில்லை. மூன்றாவதில் கூட்டமே நம்மை உள்ளே தள்ளியது.

நமது குருவுடையைக் கண்ட இளைஞர் ஒருவர் எழுந்து இடமளித்தார். மகிழ்ந்து அமர்ந்தோம், திருப்புகழ்மாலை நூலை விரித்தோம். அப்போது மூதாட்டி ஒருவர் கையில் மூட்டையுடன் நம்முன் வந்து நின்றார். பெண்களுக்கும் முதியோருக்கும் ஒதுக்கப்பட்ட முதல் பெட்டியை அடைய அவரால் இயலவில்லை போலும். நாம் எழவில்லை. "செபத்தில் இருக்கிறோமே" என்று மனத்திற்குச் சமாதானம் கூறிக்கொண்டோம். அன்று நாம் வாசித்தது மரியாவின் பாடல். தாழ்ந்தோர் ஏற்றம் பெறுவதைப் பேசும் பாடல்! நமக்கு இடமளித்த அதே இளைஞர், தம் இரு கைகளையும் கம்பியில் ஊன்றி, மூதாட்டி நசுங்காதபடி அரணாய் நின்றார். ஒன்பதாம் நிலையம் பக்லாரன். அதுவரை நாம் ஏடு புரட்டிக்கொண்டிருந்தோம்.

உலக மீட்பர் சபைத் துறவியர் பேணும் அத்திருத்தலத்தில் 1948 முதல் புதன்தோறும் நவநாள் நடைபெறுகிறது. ஆலயம் இரவும் பகலும் திறந்தே இருக்கும். நாம் நுழைந்தபோது, நடுப்பாதையில் பக்தர் பலர் முழந்தாளாலேயே பீடத்தை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தனர். அவர்களிடையே அந்த மூதாட்டி! வழியெல்லாம் நின்றே வந்த கால்கள் இப்போது கல்தரையில் மடிந்து ஊர்ந்தன. மூட்டையை ஒரு தூணருகே வைத்திருந்தார். நாம் அதனருகே நின்று, அவர் திரும்பும்வரை காவல் காத்தோம். வேறென்ன செய்வது? திரும்பியவர் நம்மை அடையாளம் கண்டு புன்னகைத்தார். குனிந்து ஆசீர் வேண்டினார். அத்தலைமீது கை வைக்க அன்று நமக்குக் கூசியது.

இன்று அவ்விரயில் பக்லாரனையும் கடந்து தெற்கே செல்கிறது. 2024-இல் திறக்கப்பட்ட நிலையங்களுள் ஒன்று அத்துறவற சபையின் பெயரையே தாங்கியுள்ளது.

நம் பங்கிலும் புதன்கிழமை நவநாள் உண்டு. பிந்தி வருவோரைப் பீடத்திலிருந்தே கடிந்துகொள்வது நமது வழக்கமாய் இருந்தது. இப்போது கடைசிக் கதவருகே யாரேனும் மூச்சிரைக்க வந்து நின்றால், அவர் எவ்வளவு தொலைவு நின்றுகொண்டே வந்தாரோ என்று எண்ணுகிறோம். முன்வரிசையில் ஓர் இடம் ஒதுக்கச் சொல்கிறோம்.