பிரேக்கைத் தொடாதீங்க, மாமா!

சைக்கிள் விடத் தெரியுமா என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். எட்டு வயதில் குரங்குப் பெடல் போட ஆரம்பித்தவன் நான். கல்லூரிக்கும் சைக்கிள்தான், உத்தியோகத்தில் சேர்ந்த முதல் மூன்று வருஷங்களும் சைக்கிள்தான். ஆனால், "சைக்கிளோடு பறக்கத் தெரியுமா, மாமா?" என்று 2023 ஆகஸ்டில் என் அக்கா பிள்ளை கேட்டானே, அதற்குத்தான் பதில் சொல்லத் தெரியவில்லை.

அக்கா இருப்பது கனடாவில், வான்கூவர் நகரத்தில். பையனுக்கு வயது பதினான்கு. அங்கிருந்து வடக்கே சுமார் 120 கிலோமீட்டரில் விஸ்லர் என்றொரு மலையூர். குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்காரர்களை மேலே ஏற்றும் தொங்கு நாற்காலி, கோடையில் சைக்கிள்களைச் சுமந்துகொண்டு போகிறது. 2004-ல் அங்கே ஆரம்பித்ததுதான் 'கிராங்க்வொர்க்ஸ்' என்னும் சைக்கிள் திருவிழா. பறந்து காட்டும் வீரர்களுக்கு இரண்டு வாய்ப்பு. இரண்டில் எது சிறந்ததோ அதற்கே மதிப்பெண். அந்த முதல் வருஷம் பால் பாஸகோய்டியா என்ற பெயர் தெரியாத வாலிபர் இரவல் சைக்கிளில் வந்து ஜெயித்துவிட்டார்! பையனுக்கு அவர்தான் தெய்வம். "இரவல் சைக்கிள் போதும், மாமா!" என்று என்னையும் கிளப்பிவிட்டான்.

நான் கலந்துகொண்டது விஸ்லரில் அல்ல; வேறோர் ஊரின் சிறிய கோடை விழாவில், கற்றுக்குட்டிகளுக்கான போட்டி. ஊர்ப் பெயர் வேண்டாமே! அங்கே என் மானம் இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது.

மூன்று வாரம் பயிற்சி. மருமான்தான் வாத்தியார். வித்தை இதுதான்: முதலில் ஏறுமேடு, நடுவில் மேஜை மாதிரித் தட்டையான மண், அப்புறம் இறங்குசரிவு. ஏறுமேட்டில் கிளம்பி, மேஜையைத் தாண்டி, சரிவில் இறங்க வேண்டும். சரிவில் இறங்கினால் விழுகிற வேகம் ஓடுகிற வேகமாகிவிடும். தட்டையில் இறங்கினாலோ, அவ்வளவும் மணிக்கட்டுக்கும் முழங்காலுக்கும்தான்! ஆகவே இந்த வித்தையில், அதிக வேகத்தைப் போலவே குறைந்த வேகமும் அபாயம். "பயமாயிருந்தால் மேலேயே நின்றுவிடுங்கள். கிளம்பிவிட்டால் பிரேக்கைத் தொடாதீங்க, மாமா!" என்பான் தினமும்.

விழா நாள் வந்தது. நம் ஊர்த் தேர்த் திருவிழாதான், போங்கள்! கயிற்றுக்கு இரு புறமும் ஜனங்கள், தோளில் குழந்தைகள், கையில் மாட்டு மணிகள். ஆம், மாட்டு மணிகளேதான்! அதை ஆட்டித்தான் அங்கே உற்சாகப்படுத்துகிறார்கள். மைக்கில் என் பெயரைக் கடித்துக் குதறினார் ஒருவர். மணிகள் ஒலித்தன. கிளம்பினேன்.

பாதி வழி வரை நான் வீரன்தான். ஏறுமேட்டின் அடிக்கு வந்ததும், என் கை என்னைக் கேட்காமலே பிரேக்கைப் பிடித்துவிட்டது! பறந்தேன் என்று சொன்னால் பறவைகள் வழக்குப் போடும். 'தொப்'பென்று மேஜையிலேயே விழுந்து, சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எழுந்தபோது இடது மணிக்கட்டில் சுரீரென்றது.

இன்னொரு வாய்ப்பு பாக்கி. மேலே போய் வரிசையில் நின்றேன். கைப்பிடியை அழுத்தினால் கண்ணில் பொறி பறக்கிறது. கயிற்றுக்கு அப்பால் பையன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறான். சாயங்காலம் சிறுவர் போட்டியில் அவன் முறை. அக்கா அவனுக்குப் பின்னால், வேறெங்கோ பார்ப்பது போல நின்றுகொண்டிருந்தாள்.

அவன் தெய்வத்தின் கதையில் மிச்சப் பாதியை முதல் நாள் இரவுதான் படித்திருந்தேன். 2015-ல் யூட்டா மாகாணத்துச் செங்குத்துப் பாறைகளில் நடந்த 'ரெட் புல் ராம்பேஜ்' போட்டியில் பாஸகோய்டியா விழுந்தார். முதுகெலும்பு முறிந்து, கால்கள் செயலிழந்தன. மறுபடி நிற்கவும் நடக்கவும் அவர் பட்ட பாட்டை, 2019-ல் 'எனி ஒன் ஆஃப் அஸ்' என்று படமாகவே எடுத்திருக்கிறார்கள். அவருக்கு வித்தை தெரியாதா, தைரியம் இல்லையா?

இந்தக் கையோடு நான் கிளம்பினால் பையன் என்ன கற்றுக்கொள்வான்? 'மாமா கை போனாலும் குதித்தார்' என்றுதானே? கிளம்பாவிட்டால், மாமா பயந்தாங்கொள்ளி. வாசகர்களே, நீங்களாயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

மைக் என் பெயரை மறுபடி குதறியது. கையை ஆட்டி, 'இல்லை' என்று சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓரமாக இறங்கினேன். மணிகள் ஒரு கணம் ஓய்ந்தன. அடுத்த ஆசாமிக்கு மறுபடி ஒலித்தன. பையன் கட்டைவிரலைக் காணோம். அன்று மத்தியானம் அவன் என்னோடு பேசவேயில்லை. மணிக்கட்டைவிட அதுதான் வலித்தது.

சாயங்காலம் அவன் முறை. மலையிலிருந்து காற்று கிளம்பியிருந்தது. வேகமாக வந்தான், ஏறுமேட்டுக்கு வெகு தூரம் முன்பே சைக்கிளை ஓரம் திருப்பி நிறுத்திவிட்டான்! கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மேலே போய், மறுபடி முறை கேட்டு, கொடிகள் தொங்கும் வரை காத்திருந்து, அப்புறம் வந்தான் பாருங்கள்! மேஜையைத் தாண்டிச் சரிவில் பூப்போல இறங்கினான்.

பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பும்போது காரில், "காற்று அடித்தது, மாமா, அதனால்தான் முதலில் வரவில்லை" என்றான்.

"தெரியும்டா" என்றேன்.

அக்கா ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் மணிக்கட்டுக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள்; கொஞ்சம் தாராளமாகவே போட்டாள்.