அணியத்தில் ஒரு ஓட்டை

எர்ணாகுளம் மரைன் டிரைவில் நின்றால் காயலுக்கு அப்பால் போல்காட்டி தீவு தெரியும். 1744ல் டச்சுக்காரர்கள் கட்டிய அரண்மனை இன்று கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல். அதை ஒட்டி 2010ல் உல்லாசப் படகுத் துறை ஒன்று வந்தது. இந்தியாவில் பாய்மரப் படகுக்காரர்கள் மரினா என்று சொல்லிக்கொள்ள இடங்கள் மிகக் குறைவு. எனவே இந்த மிதவை மேடைகளுக்கு ஒரு தனி மவுசு.

அழகில் குறையில்லை. சிக்கல் தண்ணீரில் இருக்கிறது. 1920ல் ராபர்ட் பிரிஸ்டோ வந்து முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டி எடுத்தார். அள்ளிய மண்ணில் வில்லிங்டன் தீவு எழுந்தது. பெரிய கப்பல்கள் உள்ளே வர வழி பிறந்தது. ஆனால் அந்த வாய் வழியாகத்தான் காயல் நீரின் பெரும்பகுதி கடலுக்கு ஓடுகிறது. மழைக்காலத்தில் ஆற்று வெள்ளமும் சேர்ந்துகொண்டால் வற்றுநீரின் வேகத்தைக் கேட்கவே வேண்டாம். கூடவே ஆகாயத்தாமரை மெத்தை மெத்தையாக மிதந்து வரும்.

இங்கே 40 அடிப் படகு ஒன்றில் வாழும் ஒரு தம்பதியைச் சந்தித்தேன். அவர் ஓய்வுபெற்ற கப்பல் இன்ஜினீயர், அறுபதைத் தாண்டியவர். அவர் மனைவிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. துறைக்குள் நுழையும்போது அவர் சுக்கானைப் பிடிப்பார்; அம்மையார் கயிற்றோடு மேடைக்குக் குதிப்பார். பல வருஷப் பழக்கம். இனி குதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "ஒன்று பௌ திரஸ்டர், இல்லையென்றால் படகை விற்க வேண்டியதுதான்" என்கிறார் கணவர்.

மீனவர் தமிழில் படகின் முன்பகுதி அணியம், பின்பகுதி அமரம். 'அணிய உந்தி' என்று நான் மொழிபெயர்த்தால் படகுக்காரர் எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார். ஆகவே திரஸ்டர் என்றே இருக்கட்டும். நீர்மட்டத்துக்குக் கீழே அணியத்தின் குறுக்கே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஒரு குழாய். அதற்குள் மின்சார மோட்டாரில் சுழலும் சிறு விசிறி. பொத்தானை அழுத்தினால் மூக்கு இடமோ வலமோ நகரும். அவ்வளவுதான்.

தேவை ஏன்? சுக்கான் மீது தண்ணீர் ஓடினால்தான் அது வேலை செய்யும். துறைக்குள் வேகத்தைக் குறைத்ததும் சுக்கான் செத்துப்போகிறது. ஆழமான அடிக்கட்டை படகின் நடுவில். உயரமான மூக்கு காற்றில். ஒரு வீச்சு போதும், மூக்கு பக்கத்துப் படகை முத்தமிடப் போய்விடும். பின்னோக்கி எடுத்தால் இன்ஜின் விசிறியே அமரத்தை ஒரு பக்கம் இழுக்கும்.

அவர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். இந்த அளவுப் படகுக்குக் குழாய் 185 மில்லிமீட்டர். 12 வோல்ட்டில் 400, 500 ஆம்பியர் குடிக்கும்; மூக்கருகே தனி பாட்டரி, இல்லாவிட்டால் கட்டைவிரல் தடிமனில் கேபிள். இரண்டு மூன்று நிமிஷம் விடாமல் ஓட்டினால் சூடேறி நின்றுவிடும். படகு இரண்டு நாட்டுக்கு மேல் நகர்ந்தாலோ பலன் பெரும்பாலும் போய்விடும். கொச்சியின் வெதுவெதுப்பான நீரில் குழாய்க்குள் கொட்டலசு ஒட்டும். ஆகாயத்தாமரை வேர் விசிறியில் சுற்றினால் மோட்டார் திணறும். செலவு லட்சங்களில். காற்றும் ஓட்டமும் மிஞ்சும் நாளில்தான் அது மிகவும் தேவை. அன்றைக்குத்தான் அதன் பலமும் போதாது. இவ்வளவும் தெரிந்தும் அவர் வாங்கத் துடித்தார். மனைவியின் முழங்காலை நினைத்து என்பதில் சந்தேகமில்லை.

அம்மையார் அதுவரை பேசவில்லை. சாயாவை வைத்துவிட்டு, "என் முழங்காலுக்காகப் படகில் ஓட்டை போடுகிறீர்கள். துறைக்குள் ஒரு நாளாவது சுக்கானை என்னிடம் கொடுத்திருக்கிறீர்களா?" என்றார். நடுக்கடலில் இரவுக் காவலின்போது தனியாகப் படகு ஓட்டுபவர் அவர். கணவர் பாட்டரி கேட்டலாக்கைப் புரட்டத் தொடங்கினார்.

என்னைக் கேட்டால் அம்மையார் கட்சிதான். குதிக்கத் தேவையில்லாத பழைய வழி ஒன்று உண்டு. படகின் நடு முளையிலிருந்து ஒரே ஒரு கயிறு. மேடையில் பின்தள்ளியுள்ள முளையில் தளத்தில் நின்றபடியே சுருக்கை வீசி மாட்டிவிட வேண்டும். பிறகு இன்ஜினை மெதுவாக முன்னோக்கி வைத்து, சுக்கானை மேடைக்கு எதிர்ப்புறம் திருப்பினால் படகு தானாக அணைந்து நிற்கும். தனியாகப் படகு ஓட்டுவோருக்கு இதுவே உயிர்.

ஆனால் ஒரு பேச்சுக்கு இதையும் சொல்ல வேண்டும்: பக்கவாட்டில் காற்று அடிக்கும்போது, குறுகலான இடத்தில், வயதான இருவருக்கு அந்தப் பொத்தான் பெரிய தைரியம். அதை வாங்குகிறவர்களைக் கேலி செய்யும் இளவட்டங்களுக்கு இன்னும் முழங்கால் வலி வரவில்லை.

மறுநாள் காலை ஓட்டம் அடங்கிய நேரத்தில் அம்மையார் சுக்கானைப் பிடித்தார். கணவர் கயிற்றோடு நடுவில் நின்றார். நான்கு முறை முயன்றார்கள். முதல் முறை கயிறு தண்ணீரில் விழுந்தது, அவர் வீசியதுதான். மூன்றாவது முறை படகு மேடையில் லேசாக உரசியது. நான்காவது முறை நின்றது. அணியத்தைத் துளைப்பதை அடுத்த மழைக்காலத்துக்குத் தள்ளிவைத்துவிட்டு, அன்று மாலையே பருமனான ரப்பர் தடுப்பு உருளைகள் இரண்டுக்கு ஆர்டர் கொடுத்தார் இன்ஜினீயர்.