என் தம்பி ஒரு பிளம்பர்

எங்கள் அதிராம்பட்டினத்தில் வெளிநாட்டிலிருந்து வருகின்றவரிடம் ஊரார் கேட்கும் முதற்கேள்வி, “எப்போது வந்தீர்கள்?” என்பது. அடுத்த கேள்வி, “எப்போது பயணம்?” என்பது. 2018-ஆம் ஆண்டு ரமலானுக்குச் சில நாட்கள் முன்னதாக ரியாத்திலிருந்து வந்திறங்கிய என் தம்பியிடமும் இவ்விரு கேள்விகளே கேட்கப்பட்டன. முதற்கேள்விக்கு நாளைச் சொன்னான். இரண்டாவது கேள்விக்கு, “இனிப் பயணம் இல்லை, ஊரிலேயே தொழில் செய்யப் போகிறேன்” என்றான். கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே தலையசைத்தார்கள். இப்படிச் சொல்லிவிட்டு ஆறு மாதத்தில் மீண்டும் விமானம் ஏறியவர்களை அவர்கள் நிறையவே பார்த்திருக்கின்றார்கள்.

அங்கே 14 ஆண்டுகள் ஒரு கட்டுமான நிறுவனத்தில் குழாய் வேலை பார்த்தவன் அவன். அந்த ஆண்டு ஜனவரி முதல் சவூதி அரசாங்கம், வெளிநாட்டுத் தொழிலாளர் ஒருவருக்கு மாதம் 300 அல்லது 400 ரியால் என்று நிறுவனங்களிடம் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது. கட்டட வேலைகளும் குறைந்திருந்த காலம். நிறுவனத்தார் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். வீட்டுக் கடனை அடைத்தது போக அவன் கையில் மீந்தது சொற்பம். அத்துடன் பைப் ரெஞ்சும் இன்னும் சில கருவிகளும் அடங்கிய ஒரு கனத்த பை இருந்தது.

உம்மாவுக்கு அந்தப் பையைக் கண்டாலே பிடிக்கவில்லை. “ஒரு சின்னக் கடையாக வைத்துக்கொள் வாப்பா, நிழலில் உட்கார்ந்து பிழைக்கலாம்” என்றார்கள். எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் நான் அதை வெளியில் சொல்லவில்லை. மதரஸாவில் ஓதிக்கொடுப்பவன், பட்டப்படிப்பும் படித்தவன். தொழிலின் மேன்மையைப் பற்றி மற்றவர்களுக்குச் சொல்கின்ற இடத்தில் இருப்பவன். அப்போது என் மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். பெண்ணின் சின்ன வாப்பா சவூதியில் இருக்கிறார் என்று சொல்வதற்கும், தெருவில் குழாய் அடைப்பு எடுக்கிறார் என்று சொல்வதற்கும் உள்ள வேற்றுமை என் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

தம்பி 500 விசிட்டிங் கார்டுகள் அச்சடித்தான். பெருநாள் கழிந்ததும் தேநீர்க் கடைகளிலும் ஹார்டுவேர் கடைகளிலும் கொடுத்தான். ஜுமுஆ முடிந்து வெளியே வருகின்றவர்களின் கைகளிலும் கொடுத்தான். ஒன்றரை மாதத்தில் அவனுடைய தொலைபேசி மூன்று முறை ஒலித்தது. முதலாவது அழைப்பு தவறான எண். இரண்டாவதில் பேசியவர் ரியாத்துக்கு விசா கிடைக்குமா என்று கேட்டார். மூன்றாமவர் எங்கள் நெருங்கிய உறவினர். சொட்டுகின்ற குழாய்க்கு ஒரு வாஷர் மாற்ற வேண்டும் என்றார். மாற்றியபின், “சொந்தத்துக்குள் கூலி எதற்கு?” என்று தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ஆண்கள் வெளிநாட்டில் இருக்கின்றார்கள். வீட்டில் இருப்பவர்கள் பெண்களும் முதியவர்களும் பிள்ளைகளுமே. குளியலறைக் குழாயைப் பழுது பார்க்க வருகின்றவர் கூடத்தையும் சமையலறையையும் கடந்துதான் உள்ளே செல்ல வேண்டும். அத்தகைய வீட்டுக்குள் ஒருவரை அழைப்பதற்கு ஓர் அச்சடித்த அட்டை போதுமா, சொல்லுங்கள். நம்பத் தகுந்த ஒருவர் வாய் திறந்து, “அவரைக் கூப்பிடுங்கள், நல்ல மனிதர்” என்று சொல்ல வேண்டும். தம்பிக்காக அப்படிச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் என்னிடம் ஓதினார்கள். நூறு வீட்டார் என் சொல்லை மதிப்பவர்கள். நான் சொல்லவில்லை.

வேலையும் அவன் எதிர்பார்த்ததைப் போல் இருக்கவில்லை. ரியாத்தில் புதுக் கட்டடத்தில், வரைபடத்தைப் பார்த்துப் புதுக் குழாய் பதித்தவன். இங்கேயோ குழாய் எந்தச் சுவருக்குள் ஓடுகிறது என்பது கட்டிய கொத்தனாருக்கே மறந்து போயிருக்கும். தொழில் இல்லாத அந்த நாட்களில் எங்கள் வீட்டுப் பழைய இரும்புக் குழாயையே கழற்றினான். அறுத்த துண்டை என்னிடம் காட்டியபோது திகைத்துப் போனேன். ஓர் அங்குலக் குழாயின் உள்ளே துரு அடைத்து, ஒரு பென்சில் நுழையுமளவுக்கே வழி இருந்தது. “காக்கா, கடலோர ஊரின் உப்புத் தண்ணீர் இதைத்தான் செய்யும். தண்ணீர் மெதுவாக வருகிறது என்று இங்கே எல்லோரும் மோட்டாரை மாற்றுகிறார்கள். குறை மோட்டாரில் இல்லை” என்றான். அவனுக்குத் தொழில் தெரியும் என்பது அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆகையால் பின்னர் நான் செய்ததற்கு அறியாமையைக் காரணம் சொல்ல இயலாது.

ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள் மதரஸாவில் ஒளு செய்யும் குழாய்களுக்குச் செல்கின்ற பிரதான குழாய் வெடித்துவிட்டது. நிர்வாகி என்னை அழைத்து, “நல்ல ஆளாகப் பார்த்து வரச் சொல்லுங்கள், ஹஜ்ரத்” என்றார். நான் பட்டுக்கோட்டையிலிருந்து ஒருவரை வரவழைத்தேன். மதரஸா வேலையைச் சொந்தத் தம்பிக்கே கொடுத்துவிட்டான் என்று ஊரார் பேசக்கூடாதல்லவா என்று எனக்கு நானே நியாயமும் சொல்லிக்கொண்டேன். நியாயம் பொருத்தமாகத்தான் இருந்தது. ஆயினும் அது உண்மையான காரணம் அன்று. பிள்ளைகளும் அவர்களை அழைத்துச் செல்ல வருகின்ற பெற்றோரும் பார்க்க, என் தம்பி சேற்றில் குந்தியிருப்பதை நான் விரும்பவில்லை. தாவூத் நபி (அலை) அவர்கள் தம் கையால் உழைத்தே உண்டார்கள் என்பதை அதே வாரத்தில்தான் பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லியிருந்தேன்.

பட்டுக்கோட்டைக்காரர் குழாய்களைத் தோளில் சுமந்து மதரஸாவுக்குள் நுழைந்த நேரத்தில் தம்பி சைக்கிளில் அவ்வழியே வந்தான். பார்த்தான், நிற்காமல் போய்விட்டான். அன்றிரவு சாப்பிடும்போது, “அந்த வால்வுக்கு என்ன விலை கொடுத்தீர்கள், காக்கா?” என்று மட்டும் கேட்டான். சொன்னேன். தலையசைத்துவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்தான். அவன் என்னோடு சண்டையிட்டிருந்தால் அன்றைய சோறு எனக்கு எளிதாக இறங்கியிருக்கும்.

பத்து நாட்களுக்குள் அதே இடத்தில் மீண்டும் ஒழுகியது. பிளாஸ்டிக் குழாயின் மூட்டுகளைப் பசை வைத்து ஒட்டியபின் அவை இறுகுவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். வந்தவர் அவசரத்தில் உடனே தண்ணீரைத் திறந்துவிட்டுப் போயிருக்கின்றார். இம்முறை நிர்வாகியே, “உங்கள் தம்பி இந்த வேலைதானே செய்கிறார்? அவரை ஏன் கூப்பிடவில்லை?” என்று கேட்டார். ஊருக்கெல்லாம் தெரிந்த ஒன்றை நான் மட்டும் மூடி வைத்துக்கொண்டிருந்திருக்கின்றேன்.

தம்பி இஷாவுக்குப் பின் வேலையைத் தொடங்கி நள்ளிரவில் முடித்தான். காலை வரை வால்வைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, ஒளுவுக்காகப் பத்து வாளிகளில் தண்ணீர் நிரப்பி வைத்துப் போனான். மறுநாள் சாமான்களுக்கான பில்லையும் கூலிக் கணக்கையும் தனித்தனியாக எழுதிக் கொடுத்தான். “மதரஸா வேலைக்குக் கூலி வாங்கலாமா?” என்று நான் மெல்லக் கேட்டேன். “இலவசமாகச் செய்தால், வேலை இல்லாதவன் சும்மா வந்து செய்தான் என்றாகிவிடும், காக்கா. கூலி கொடுத்து அழைத்தார்கள் என்று நாலு பேர் அறியட்டும்” என்றான். கூலியை எண்ணி வாங்கினான். பின்னர் உண்டியலில் அவன் எவ்வளவு போட்டான் என்பதை நான் பார்க்கவில்லை.

ஒளுக் குழாய் ஒழுகாமல் நின்ற செய்தியைப் பிள்ளைகள் வீடுகளுக்குக் கொண்டு சென்றார்கள். நானும் அதன் பின்னர் வெட்கத்தை விட்டு, வருகின்ற பெற்றோரிடம், “என் தம்பி பிளம்பர், வேலை இருந்தால் சொல்லுங்கள்” என்று சொல்லத் தொடங்கினேன். முதல் தடவை அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது நாக்கு உலர்ந்தது. நாலைந்து தடவைக்குப் பின் பழகிவிட்டது.

முதலில் அழைத்தது கடற்கரைத் தெருவில் ஒரு வீடு. தொட்டியைக் கழுவி நிரப்பிய பின் ஒரு குளியலறையில் மட்டும் தண்ணீர் வரவில்லை. முன்பு பார்த்தவர் சுவரை உடைத்துக் குழாயை மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார். தம்பி ஒரு மூட்டைக் கழற்றி, உள்ளே சிக்கியிருந்த காற்றை வெளியேற்றிவிட்டு மாட்டினான். தண்ணீர் பாய்ந்து வந்தது. சாமான் எதுவும் மாற்றவில்லை. நூறு ரூபாய் கூலி வாங்கினான். அந்த வீட்டுக்காரர் துபாயில் இருந்தார். பழுது எங்கே இருந்தது என்பதைத் தம்பி படம் எடுத்து அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்தான். அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த நம்மூர்க்காரர்கள் அதைப் பார்த்திருக்கின்றார்கள். அடுத்த வாரமே, மூன்று வீடு தள்ளியிருந்த குடும்பத்திலிருந்து அழைப்பு வந்தது. அந்த அழைப்பு தெருவில் நடந்து வரவில்லை. துபாய்க்குப் போய்த் திரும்பி வந்தது! நம் ஊரில் தொழில் தொடங்குகின்றவர் இதை அறிந்து வைத்திருப்பது நல்லது. வீட்டிலிருப்பவர்களின் மனநிறைவும் வேண்டும். தொலைவில் இருந்துகொண்டு பணம் அனுப்புகின்றவரின் மனநிறைவும் வேண்டும்.

பெண்கள் மட்டும் இருக்கின்ற வீட்டுக்கு அவன் தனியே போவதில்லை. உதவிக்கு ஒரு பையனை அழைத்துக்கொள்வான். வருகின்ற நேரத்தை முன்கூட்டியே சொல்லி, பெரியவர் ஒருவரையோ பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரையோ உடன் இருக்கச் சொல்வான். அவன் மனைவியும் சும்மா இருக்கவில்லை. கல்யாண வீடுகளில் பெண்களிடம் அவள் சொன்ன சொல், 500 கார்டுகள் செய்யாததைச் செய்தது. மிஞ்சிய கார்டுகளுக்கும் ஒரு பயன் கிடைத்தது. வேலை முடித்த ஒவ்வொரு வீட்டிலும் மோட்டார் சுவிட்ச் பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒன்றை ஒட்டிவிட்டு வந்தான். தண்ணீர் வராதபோது வீட்டார் முதலில் போய் நிற்குமிடம் அதுதானே!

ஹார்டுவேர் கடைக்காரர்கள் மட்டும் வெகுநாள் அவனை யாருக்கும் சொல்லவில்லை. பிளம்பர் எழுதித் தருகின்ற சாமான்களுக்குக் கடையில் அவருக்கு ஒரு பங்கு கொடுப்பது பல ஊர்களில் வழக்கம். அந்தப் பங்கு வீட்டுக்காரரின் தலையில்தான் விழும். தம்பி பட்டியலை எழுதிக் கொடுத்து, “நீங்களே விலை விசாரித்து வாங்கி வாருங்கள்” என்று சொல்லிவிடுவான். இதனால் அவன் இழந்த வேலைகள் அதிகம். இது பிழைக்கத் தெரியாத செயல் என்று அப்போது நானே கடிந்துகொண்டிருக்கின்றேன்.

அந்த ஆண்டு நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளின் தென்னந்தோப்புகள் வீழ்ந்த கதையை நாடே அறியும். எங்கள் தெருக்களில் மாடிகளிலிருந்த பிளாஸ்டிக் தொட்டிகள் குழாய்களைப் பிய்த்துக்கொண்டு பறந்து, யார் யார் வீட்டுக் கொல்லைகளிலோ கிடந்தன. பல நாட்கள் மின்சாரம் இல்லை. ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றி வீடு வீடாகத் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தார்கள். தம்பி அந்த வண்டிகளுக்கு முன்னால் ஓடினான். வண்டி வருவதற்குள் அறுந்த குழாயை இணைத்தாக வேண்டும். இரட்டிப்புக் கூலி கேட்டவர்கள் இருந்தார்கள், கொடுத்தவர்களும் இருந்தார்கள். இவன் பழைய கூலியையே வாங்கினான். கையில் பணமில்லாதவர் கணக்கை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதி வைத்தான். அந்த நோட்டு இன்னும் அவனிடம் இருக்கின்றது. அதில் அடிக்கப்படாத வரிகள் சில உண்டு.

எல்லாம் அவனுக்கு வெற்றியாகவே முடிந்தது என்று எண்ணிவிட வேண்டாம். மறு ஆண்டு ஒரு மாடி வீட்டில் அவன் பதித்த குழாய் கசிந்து, கீழ்த்தளத்தின் சுவர் நனைந்துவிட்டது. அந்த வீட்டு அம்மாள் தெருவில் நின்று பேசிய பேச்சு உம்மாவின் காதுவரை எட்டியது. தம்பி மறுத்துப் பேசாமல், டைல்ஸைப் பெயர்த்து, சொந்தச் செலவில் எல்லாவற்றையும் செய்து கொடுத்தான். அந்த மாதம் வீட்டுச் செலவுக்கு என்னிடம் கடன் வாங்கினான். ஓராண்டு சென்று அதே அம்மாள் தம் மகளுடைய புது வீட்டு வேலை முழுவதையும் அவனுக்கே கொடுத்தார்கள். அந்த ஓராண்டை அவன் எப்படித் தள்ளினான் என்பது எங்கள் குடும்பத்துக்குத் தெரியும்.

என் மகளின் சம்பந்தம் நல்லபடியாகவே முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண் எதுவரை ஓதியிருக்கிறாள், எதுவரை படித்திருக்கிறாள் என்று கேட்டார்கள். சின்ன வாப்பாவின் தொழிலைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை.

சென்ற மாதம் மதரஸாவில் ஒரு குழாயின் திருகு உடைந்து தண்ணீர் நிற்காமல் கொட்டியது. தம்பிக்குத் தொலைபேசி செய்தேன். பின்னணியில் சுத்தியல் ஓசை கேட்டது. “உங்களுக்கு முன்னால் மூன்று வீடு இருக்கிறது, காக்கா. நாளை அஸருக்குப் பின்தான் வர முடியும். அதுவரை மேலேயுள்ள வால்வை வலப்பக்கம் திருப்பி மூடி வையுங்கள்” என்றான். வால்வு இறுகிப் போயிருந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு கைகளாலும் அதைத் திருப்பினேன்.