நான் எழுதிய பத்திரம்

எழுத்தாளன் என்று பெயர் எடுத்துவிட்டால் சொந்த ஊரில் கிடைக்கும் மரியாதை விசித்திரமானது. நம் கதைகளை யாரும் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் மின்சார வாரியத்துக்கு மனு, கல்யாணப் பத்திரிகை, வாய்க்கால் தகராறு என்று எதை எழுதவேண்டுமானாலும் நம்மிடம்தான் வருவார்கள். நானும் சந்தோஷமாக எழுதிக் கொடுத்து வந்தேன். ஒரு முறை ஒரு விவாகரத்தையும் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பாவத்தைச் சொல்லத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் திருவையாற்றுக்குப் பக்கம். அவள் எனக்குத் தங்கை முறை. ஏழு வருஷம் குடித்தனம் நடத்தியவள், ஒன்றரை வருஷமாகப் பெண் குழந்தையோடு தாய் வீட்டில் இருந்தாள். அடி உதை எதுவும் கிடையாது. மனசு ஒட்டவில்லை, அவ்வளவுதான். பிரிந்துவிடுவதில் இரு தரப்புக்கும் சம்மதம். குறுவை நடவு நடந்துகொண்டிருந்த ஓர் ஆனி மாதம், என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, வக்கீல்கிட்டப் போனா இல்லாத சண்டையையும் கிளப்பிவிடுவாருங்கிறாங்க. பணமும் ஆகும். நீங்களே ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்திடுங்களேன்."

எழுதினேன். ஸ்டாம்புத் தாளில், அழகாகவே எழுதினேன். கடைசி வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது: 'இனி ஒருவர்மீது ஒருவருக்கு எவ்விதப் பாத்தியதையும் பின்தொடர்ச்சியும் கிடையாது.' இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். நோட்டரியின் முத்திரையும் விழுந்தது. காரியம் முடிந்தது என்று நினைத்தோம்.

தஞ்சாவூரில் கோர்ட்டுக்கு எதிரே டைப் அடிக்கிறவர் ஒருவர்தான் எங்கள் கண்ணைத் திறந்தார். "சார், ஸ்டாம்புத் தாளில் கல்யாணம் முறியாது. இதை நம்பி யாராவது மறு கல்யாணம் பண்ணிக்கொண்டால் கம்பி எண்ண வேண்டியதுதான்" என்றார்.

அவர் சொன்னது சரி. பல சாதிகளில் பஞ்சாயத்தார் கூடித் தீர்த்துவிடும் வழக்கம் முன்பு இருந்தது. 1955-ஆம் வருஷத்து இந்து திருமணச் சட்டம் அந்த வழக்கங்களை ஒழித்துவிடவும் இல்லை. ஆனால் தங்கள் சமூகத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டென்று சொல்கிறவரே அதை நிரூபிக்க வேண்டும். மற்றவர்களுக்கு அந்தத் தாள் வெறும் தாள்தான். அவர்கள் கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும்.

கோர்ட்டு வழியும் அப்படி ஒன்றும் கஷ்டமாகத் தோன்றவில்லை. 1976-ல் சேர்த்த 13பி பிரிவின்படி, ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்தவர்கள் சேர்ந்து மனுப் போடலாம். ஆறு மாதம் கழித்து வந்து மறுபடியும் சம்மதம் என்று சொன்னால் தீர்ப்பு. (2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, தகுந்த காரணம் இருந்தால் கோர்ட்டு அந்த ஆறு மாதத்தை விட்டுக்கொடுக்கலாம்.) வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. குடும்ப நீதிமன்றங்களில் வக்கீல் ஆஜராவது உரிமையே அல்ல என்கிறது 1984-ஆம் வருஷத்துச் சட்டம். இதைப் படித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மனுவையும் நானே எழுதினேன். பழைய பத்திரத்தை அதோடு சேர்த்து வைத்தேன்.

ஆடியில் மனு, தையில் விசாரணை. அந்த இடைவெளியைச் சட்டம் யோசிப்பதற்காகவே கொடுத்திருக்கிறது. தீர்ப்பு வரும்வரை சம்மதத்தை வாபஸ் வாங்கலாம் என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கணக்குப் பார்த்திருக்க வேண்டிய அந்த மாதங்களை, சம்பா எப்படி விளையும் என்ற பேச்சிலேயே கழித்துவிட்டோம். நீதிபதி, "யாருடைய கட்டாயமும் இல்லையே?" என்று கேட்டார். "இல்லீங்க" என்றாள். "கொடுக்கல் வாங்கல்?" என்றார். "எல்லாம் பத்திரத்தில இருக்குங்க" என்றாள். பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

சித்திரையில் குழந்தையின் பள்ளிக்கூடச் சம்பளத்துக்காக அவள் தன் நகையைக் கேட்டு ஆள் அனுப்பினாள். 18 பவுன். சாகுபடிக் கடனுக்காகப் புருஷன் பெயரில் பாங்கியில் அடகு வைத்திருந்தது. அவன் அதை மீட்டு வீட்டில் வைத்திருந்தான். நகை வரவில்லை. பத்திரத்தின் நகல் வந்தது. என் கடைசி வாக்கியத்தின் கீழே சிவப்பு மையால் கோடு போட்டிருந்தது.

அப்புறம்தான் வக்கீலிடம் போனோம். வயதானவர், நிதானமாகப் படித்தார். "சீதனம் பெண்ணுடைய சொத்து. அதற்கு ஒரு பட்டியல் எழுதி, திருப்பித் தந்த தேதியையும் எழுதியிருந்தால் போதும், இந்தப் பேச்சே வந்திராது. இப்போது வழக்குப் போட்டால், நீங்களே எழுதிய இந்த வரியோடுதான் முதலில் சண்டை போடவேண்டும். ஆனால் குழந்தையின் ஜீவனாம்சத்தைத் தாய் எழுதிக் கொடுத்துவிட முடியாது. அதைக் கேட்போம்" என்றார். குழந்தைக்கு மாதாமாதம் ஒரு தொகை கிடைத்தது. நகை இன்றுவரை கிடைக்கவில்லை.

அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை அதிகம் சுட்டது. 1987-ஆம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாயினும் பெண்களுக்கு இலவசமாக வக்கீல் கிடைப்பாராம். அதற்கான ஆபீஸ் தஞ்சாவூரிலேயே இருக்கிறது. செலவுக்குப் பயந்து என்னிடம் வந்தவளை, காசு கேட்காத அந்த இடத்துக்கு நான் அழைத்துப் போயிருக்கலாம்.

வக்கீல் இல்லாமல் விவாகரத்து வாங்க முடியாது என்று நான் சொல்லவில்லை. வாங்கினோமே! பிரிவதற்குச் சம்மதம் இருந்தால் போதும். எதை எதை விட்டுவிட்டுப் பிரிகிறோம் என்று கேட்க ஓர் அந்நிய மனுஷர் வேண்டும். உறவுக்காரன் அதைக் கேட்கமாட்டான், கேட்கக் கூச்சப்படுவான். நானும் கூச்சப்பட்டேன். கூச்சத்தை மறைக்க நல்ல வாக்கியமாக ஒன்று எழுதினேன்.

இப்போதும் மனு எழுதச் சொல்லி வருகிறார்கள். மின்சார வாரியத்துக்கு எழுதித் தருகிறேன். மற்றதற்கெல்லாம் சட்டையை மாட்டிக்கொண்டு அவர்களோடு பஸ் ஏறிவிடுகிறேன்.

தங்கை என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஒரு நாள் பேச்சோடு பேச்சாக, "நீங்க எழுதினது படிக்க நல்லாத்தான் இருந்திச்சுண்ணே" என்றாள். என் எழுத்தைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் சொன்ன அபிப்பிராயம் அது ஒன்றுதான்.