பெட்டியில் பிடித்து வைத்த பாடம்

பழைய கம்ப்யூட்டர் ஒன்று உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறதா? எடைக்குப் போடுவதற்கு முன்னால் அதன் முதுகுப் பக்கத்தை ஒரு தரம் திருப்பிப் பாருங்கள். கேபிள் டி.வி. ஒயரை மாட்டுகிற மாதிரி உருண்டையாய் ஒரு மூக்கு நீட்டிக் கொண்டிருந்தால், அதற்கு டி.வி. ட்யூனர் கார்டு என்று பெயர். இன்றைக்கு அதை யாரும் தேடிப் போய் வாங்குவதில்லை. ஆனால் 2020-ல் பள்ளிக்கூடமெல்லாம் பூட்டிக் கிடந்தபோது, எங்கள் சின்னவளின் படிப்பை அதுதான் தாங்கிப் பிடித்தது.

நாங்கள் இருப்பது கடப்பாக்கத்தில். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போயிருந்தால் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். ஆலம்பரைக் கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் இங்கேதான் பஸ்ஸை விட்டு இறங்குவார்கள். கடலும் கழியும் தோப்பும் சேர்ந்த அழகான ஊர்தான். ஆனால் செல்போன் சிக்னல் மட்டும் மாடிப்படி ஏறினால் வரும், இறங்கினால் போய்விடும்.

கார்டு என் கொழுந்தனாருடையது. 2007-ல் சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தபோது ரிச்சி தெருவில் வாங்கியது. ரூமில் டி.வி. வைத்தால் வார்டன் சத்தம் போடுவார்; கம்ப்யூட்டர் என்றால் படிப்புக்கு என்று விட்டுவிடுவார். பிள்ளைகளுக்கு வழி கண்டுபிடிக்கத் தெரியாதா என்ன! அந்த வருஷம் செப்டம்பரில் இருபது ஓவர் உலகக் கோப்பையை இந்தியா ஜெயித்தபோது, மாடியிலுள்ள அத்தனை பேரும் அவர் ரூமில்தான் இருந்தார்களாம். பிறகு அவர் வேலைக்குப் போனார். கம்ப்யூட்டர் எங்கள் வீட்டு மூலைக்கு வந்தது.

அந்தக் கார்டு செய்யும் வேலை ஒன்றும் மந்திரமில்லை. டி.வி.க்குள் சேனலைப் பிடிக்கிற பாகம் ஒன்று இருக்கிறதல்லவா, அதைத் தனியே எடுத்துத் தகரப் பெட்டிக்குள் வைத்து, கம்ப்யூட்டருக்குள் செருகுகிற பலகையில் பொருத்தியிருப்பார்கள். பிடித்த படத்தை எண்களாக மாற்றிக் கொடுக்க அதன் பக்கத்திலேயே ஒரு சில்லு. எண்களாக வந்துவிட்டால் திரையில் காட்டலாம், ஹார்டு டிஸ்க்கில் எழுதி வைக்கலாம். நிறுத்தலாம், திருப்பலாம். எங்களுக்கு வேண்டியிருந்தது அந்தத் திருப்புதல்தான்.

என் மாமியார் காலத்தில் டி.வி.யில் ஒன்றைத் தவற விட்டால் விட்டதுதான். சென்னையில் டெலிவிஷன் நிலையம் ஆரம்பித்தது 1975 ஆகஸ்டு 15. எங்கள் பக்கம் உயரக் கம்பத்தில் ஆன்டெனா கட்டி, ஒருவர் மேலே திருப்ப, ஒருவர் வாசலில் நின்று "வந்திடுச்சு, வந்திடுச்சு... போயிடுச்சு" என்று கத்த வேண்டும். 1987-ல் ஞாயிற்றுக்கிழமை காலையில் ராமாயணம் வந்தபோது, அடுப்பை அணைத்துவிட்டுத் தெருவே ஒரு வீட்டு வாசலில் உட்காருமாம். அத்தை சொல்லுவார்: "அனுமார் கடலைத் தாண்டற அன்னிக்கு உன் வீட்டுக்காரனுக்கு ஜுரம். நான் பார்க்கவேயில்ல."

சரி, சின்னவளின் கதைக்கு வருகிறேன்.

அவளுக்கு மூன்று வயதிலிருந்தே சளி பிடித்தால் காதில் சீழ் வரும். டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டு காதிலும் செவிப்பறையில் ஓட்டை இருக்கிறது என்றார். காதுக்கு மேலே தசையை மூடியிருக்கும் மெல்லிய சவ்வை எடுத்து ஒட்டி அடைக்கலாம், 2020 கோடை விடுமுறையில் ஒரு காதைச் செய்துவிடலாம் என்று சொல்லியிருந்தார். மார்ச்சில் கொரோனா வந்தது. அவசரமில்லாத ஆபரேஷனையெல்லாம் எல்லா இடத்திலும் தள்ளி வைத்தார்கள். எங்களுடையதும் தள்ளிப் போயிற்று.

அதே சமயம் பள்ளிக்கூடமும் இல்லை. அவள் நாலாம் வகுப்பு, பெரியவன் ஒன்பதாவது. வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு நல்ல போன். அதையும் இவர் மரக்காணம் உப்பளத்தில் லோடு கணக்குப் பார்க்க எடுத்துப் போய்விடுவார். சாயந்திரம் வந்ததும் பெரியவன் கையில்.

2019 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியில், 2020 ஜூலையிலிருந்து வகுப்புவாரியாகப் பாடம் நடத்த ஆரம்பித்தார்கள். அரைமணிப் பாடம். யூ டியூபிலும் போட்டார்கள்; ஆனால் அதற்குப் போன் வேண்டும், சிக்னல் வேண்டும், டேட்டா வேண்டும். டி.வி.யில் பார்த்தாலோ, டீச்சர் சொல்லிக் கொண்டே போகிறார். சின்னவள் அவர் வாயையே பார்த்துக் கொண்டிருக்கிறாள். டீச்சர் முகம் மறைந்து திரையில் கணக்கு வந்ததும் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். நான் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கணக்கு வந்துவிடுகிறது. நாலு நாள் இப்படி ஆனதும் "எனக்கு வேணாம்மா, நான் முற்றத்துல விளையாடறேன்" என்று எழுந்து போய்விட்டாள். ஏற்கெனவே பள்ளிக்கூடத்தில் "பொண்ணு கொஞ்சம் மந்தம்" என்று ஒரு பேச்சு வந்திருந்தது. ஒரு வருஷம் இப்படியே போனால் அந்தப் பேச்சு நிஜமாகவே ஆகிவிடுமே என்று எனக்கு ராத்திரித் தூக்கம் போனது.

கொழுந்தனாருக்குப் போன் போட்டேன். "தம்பி, உங்க கம்ப்யூட்டர்ல டி.வி. ரெக்கார்டு பண்ணுவீங்களே, இப்போ பண்ண முடியுமா?" என்று கேட்டேன். "முடியும் அண்ணி, ஆனா கேபிள் ஒயரை நேரா சொருகினா ஒண்ணும் வராது. இப்ப எல்லாம் டிஜிட்டல்" என்றார். 2007-ல் தெருக் கேபிளை அப்படியே செருகினால் போதும். இப்போது செட்டாப் பாக்ஸ் பிரித்துக் கொடுத்தால்தான் படம். அந்தப் பெட்டியின் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று துளைகள் இருக்கும். மஞ்சள் படத்துக்கு, மற்ற இரண்டும் ஒலிக்கு. மஞ்சளைக் கார்டில் செருகச் சொன்னார். சாஃப்ட்வேரில் சேனல் தேடாமல் "காம்போசிட்" என்பதைத் தேர்ந்தெடுத்து, நம் நாட்டு முறையான பால்-பி என்பதை வைக்கச் சொன்னார். இது தப்பினால் படம் கறுப்பு வெள்ளையாகவோ உருண்டு கொண்டோ வரும்.

படம் வந்தது. டீச்சர் வாயசைக்கிறார், சத்தத்தைக் காணோம்! அன்று ராத்திரி பத்து மணி வரைக்கும் போனைக் காதில் இடுக்கிக் கொண்டு, மேஜைக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். ஒலி கார்டு வழியாக வரவில்லை. சிவப்பையும் வெள்ளையையும் ஒரே ஊசியாகச் சேர்க்கும் ஒயரை, கம்ப்யூட்டரின் நீல நிறத் துளையில் செருக வேண்டும் என்று கடைசியில் புரிந்தது. அந்த ஒயரைச் செல்போன் ரிப்பேர் கடைத் தம்பி செய்து கொடுத்தார். சத்தம் வந்தது, கூடவே "ங்ங்ங்..." என்று ஒரு ரீங்காரமும் வந்தது. அதைப் போக்க என்னென்னவோ செய்து பார்த்தோம், போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

செலவைப் பற்றி யோசிப்பீர்கள். கம்ப்யூட்டரும் பழைய குண்டு மானிட்டரும் சேர்ந்து 150 வாட் என்று வைத்துக் கொள்ளுங்கள். தினம் இரண்டு மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு 18 யூனிட்தான். பதிவாகும்போது மானிட்டரை அணைத்துவிட்டால் இன்னும் குறையும். வி.சி.டி. தரத்தில் பதிந்தால் அரைமணிப் பாடம் 300 எம்.பி.க்குச் சற்று மேல் வரும், ஒரு டி.வி.டி.யில் பதினாலு பாடம் அடங்கும். பாடத்துக்கு அதற்கு மேல் தெளிவு வேண்டியதில்லை. கம்ப்யூட்டரில் விண்டோஸ் எக்ஸ்.பி. இருந்தால் அதை மாற்றாதீர்கள். பழைய கார்டுகள் பல புதியதில் பேச மாட்டேன் என்று அடம் பிடிக்கும்.

ஒரு தொல்லை மட்டும் உண்டு. நேரம் குறித்து வைத்தால் கம்ப்யூட்டர் தானாகப் பதியும், ஆனால் சேனலை மாற்றாது. பெட்டியில் என்ன ஓடுகிறதோ அதைத்தான் பதியும். ஒரு நாள் "கணக்கு – பின்னங்கள்" என்று பெயர் போட்ட பாடத்தைத் திறந்தால் சீரியல் கதாநாயகி கண்ணீர் விட்டுக் கொண்டிருக்கிறாள்! அத்தை ஒன்றும் தெரியாத மாதிரி கீரை ஆய்ந்து கொண்டிருந்தார். அதிலிருந்து பாட நேரத்தில் ரிமோட் என் இடுப்பில். அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக் கொண்டார், இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் பேத்தி பக்கத்தில் அவரே ஸ்லேட்டோடு உட்கார்ந்துவிட்டார்.

பின்னங்கள் பாடத்தில்தான் எனக்கு ஒன்று விளங்கியது. மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி. இவள் மாற்றி மாற்றிச் சொல்கிறாள். பாடத்தை நிறுத்தி, "டீச்சர் என்ன சொன்னாங்க?" என்றேன். "குதி-ன்னாங்க" என்றாள். இன்னொரு தரம் திருப்பினேன். இப்போதும் "குதி"தான். டீச்சர் முகம் தெரிகிற இடமாகப் பார்த்துப் போட்டேன். "ப"வுக்கு உதடு மூடுகிறது, "தொ"வுக்கு மூடவில்லை. "ஐ! இது பகுதிம்மா!" என்று குதித்தாள். மூன்றாம் தரம் பார்த்த அன்றே ஐந்து கணக்கையும் சரியாகப் போட்டுவிட்டாள். மந்தமாவது, ஒன்றாவது! பாதி வார்த்தை காதில் விழாமலே அந்தக் குழந்தை இத்தனை நாள் படித்திருக்கிறது.

அப்புறம் நானும் ஒரு நோட்டுப் போட்டேன். நிறுத்துகிற ஒவ்வொரு இடத்திலும் அவள் என்ன கேட்டாள், டீச்சர் சொன்னது என்ன என்று எதிரெதிரே எழுதி வைத்தேன். ஆஸ்பத்திரி மறுபடி திறந்ததும் டாக்டரிடம் அதைக் காட்டினேன். கேட்கும் திறன் சோதனையோடு வைத்துப் பார்த்துவிட்டு, வலது காதை முதலில் செய்யலாம் என்றார். ஆபரேஷன் வரைக்கும் காதில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். குளிக்கும்போது வாஸலின் தடவிய பஞ்சு. கழியில் முங்குவது கூடவே கூடாது. பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றுவது பாட்டிமார் வைத்தியம். ஓட்டை உள்ள காதுக்கு அது கெடுதல். கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொன்னார்: படுக்க வைத்தே புட்டிப்பால் கொடுத்தால் காதில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு அதிகம், தலையைத் தூக்கிப் பிடித்துக் கொடுங்கள்.

நவம்பரில் நிவர் புயல் வந்தது. 25-ந் தேதி ராத்திரி புதுச்சேரியை ஒட்டிக் கரையேறும் என்று எச்சரிக்கை. அதாவது எங்களுக்குக் கூப்பிடு தூரம். முதல் நாளே பாடங்களை டி.வி.டி.யில் எழுதி, எவர்சில்வர் பருப்பு டப்பாவில் போட்டு மூடினேன். கம்ப்யூட்டரை இவர் தார்ப்பாயில் சுற்றிப் பரணில் ஏற்றினார். "நகை எங்கடி?" என்று அத்தை கேட்டார். நகையும் அதே டப்பாவில்தான் இருந்தது. ராத்திரி பூரா காற்று ஊளையிட்டது. மூன்று நாள் கரண்ட் இல்லை. டப்பா பத்திரம்.

2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை எங்களுக்குப் பக்கத்து மரக்காணம் பகுதியில்தான் தொடங்கினார்கள். நவம்பர் 1-ந் தேதி சின்ன வகுப்புகளும் திறந்தன. சின்னவள் பின்தங்காமல் போய் உட்கார்ந்தாள். டீச்சரிடம் நோட்டைக் காட்டி முதல் பெஞ்சு கேட்டேன், உடனே கொடுத்தார்.

2022 மே விடுமுறையில் வலது காதுக்கு ஆபரேஷன் நடந்தது. மூன்று மாதம் கழித்துச் சவ்வு நன்றாக ஒட்டியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன அன்று, வீட்டுக்கு வந்ததும் பருப்பு டப்பாவைத் திறந்தாள். பின்னங்கள் பாடத்தைப் போட்டுவிட்டு, மானிட்டருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக் கொண்டிருக்கிறேன். தொகுதி, பகுதி, தொகுதி என்று டீச்சரோடு கூடவே சொல்லிக் கொண்டு வந்தவள், சட்டென்று திரும்பி முகத்தைச் சுளித்தாள்.

"என்னம்மா இது, பாடம் பூரா வண்டு கத்தற மாதிரி ஒரு சத்தம்?"